எனக்கெல்லாம் ஒண்ணுமில்லையே

கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் மிஷின் ஓட்டிய வீரணனுக்கு, புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதைவிட ஆபரேஷன் என்று சொன்னதுதான் பெரிய பயமாக இருந்தது. நல்லவேளையாக, தைரியம் சொல்லச் சொந்தத்திலேயே ஆள் இருந்தார். மனைவி ஒச்சம்மாளின் அண்ணன் உக்கிரபாண்டி. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர், போன வருடம் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் மாப்ள. மூத்திர டியூப்ப எடுத்துட்டா நீ பாட்டுக்கு வண்டி ஓட்டலாம். என்னையப் பாரு, எப்படி இருக்கேன்!" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். அந்த நெஞ்சை நம்பித்தான் வீரணன் போய்ப் படுத்தார்.

கட்டியை எடுத்தாயிற்று. டியூப் இருந்தவரை, அடிவயிற்றைக் கயிறு போட்டு முறுக்குவதுபோல வலி வந்து வந்து போனது. பல்லைக் கடித்துத் தாங்கினார். டியூப்பை எடுத்த பிறகு வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்தால் சிறுநீர் ஒழுகியது. இருமினால் ஒழுகியது. பேத்தி ஆர்த்திகாவைத் தூக்கியபோது வேட்டி நனைந்து, பிள்ளையைச் சட்டென்று இறக்கிவிட்டார்.

மச்சானுக்குப் போன் போட்டார். "உங்களுக்கும் இப்படி இருந்துச்சா மச்சான்?"

"எனக்கெல்லாம் ஒண்ணுமில்லையே மாப்ள. ஒன் ஒடம்பு வாகு அப்படியோ என்னமோ."

ஒருமுறை குரல் உடைந்தே கேட்டார். அப்போதும் அதே பதில்தான். தன் உடம்புதான் உருப்படாத உடம்பு என்று வீரணன் முடிவுகட்டினார். விசேஷ வீடுகளுக்குப் போவதை விட்டார். டாக்டரிடம்கூட வாய் திறக்கவில்லை. ஒச்சம்மாள் பக்கத்தில் வந்தால், வாடை அடிக்குமோ என்று நகர்ந்து உட்கார்ந்தார்.

டயப்பர் வாங்க, அக்கம்பக்கத்து ஆட்கள் வராத தல்லாகுளம் மெடிக்கலுக்குப் போவார். அங்கேதான் ஆபரேஷன் சமயத்தில் மச்சானும் அவருமாக மருந்து வாங்கியது. ஒருநாள் கடைக்காரப் பெண் தமிழ்வாணி கேட்டாள்: "உங்க மச்சானுக்கும் ஒரு பாக்கெட் சேத்துத் தரவாண்ணே? மாசாமாசம் இதத்தான் வாங்குவாரு, இந்த மாசம் ஆளக் காணோம்."

அங்கிருந்து நேரே பூ மார்க்கெட்டுக்குப் போனார். மல்லிகை மூட்டைகளுக்கு நடுவில் உக்கிரபாண்டி உட்கார்ந்திருந்தார்.

"எம்புட்டு நாளா மச்சான் டயப்பர் கட்டுறீங்க?"

உக்கிரபாண்டியின் முகம் செத்துவிட்டது. "சொல்லிருந்தா நீ ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டிருப்பியா?"

"அதுக்கு முந்தி மறைச்சீங்க, சரி. பெறகு ஏன்? அழுது கேட்டேனே. எனக்கும் அப்படித்தான் மாப்ளன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, இம்புட்டு நாளும் நான் தனியாக் கெடந்திருப்பேனா?"

உக்கிரபாண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசு மாப்ள. ஆளுக இருக்காக."

வீரணனுக்கு மச்சான் மேலிருந்த மதிப்பே விட்டுப்போனது. வீட்டுக்கு வந்து ஒச்சம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அவளே புருஷனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். சிறுநீரை அடக்குவதுபோலத் தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி இருக்கிறது, நிறையப் பேருக்கு இதனால் தேறுகிறது என்றார் டாக்டர். வீரணன் விடாமல் செய்தார். ஒழுகல் மெல்லக் குறைந்து, கோடை முடிவதற்குள் ஷிப்டுக்குத் திரும்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உக்கிரபாண்டி வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒச்சம்மாள் முகம் கொடுக்காமல் உள்ளே போனாள்.

"நான் டாக்டர்ட்ட சொன்னதே இல்ல மாப்ள. கூச்சம். நீ கூட வாரியா?"

வீரணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் உக்கிரபாண்டி பூ விலையைப் பற்றியே பேசினார். வீரணன் நாலடி முன்னாலேயே நடந்தார்.

ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உக்கிரபாண்டி தயங்கிக் கேட்டார்: "இன்னும் கோவமா?"

"ஆமா மச்சான்."

நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். வீரணனும் எழுந்து உள்ளே போனார், இந்தத் தடவையாவது அந்த மனிதர் உண்மையைச் சொல்கிறாரா என்று பார்க்க.