ஐஸ்கிரீமுக்குக் கம்பளி போர்த்தியவர்கள்

“ஐஸு செய்யறதுக்கு நாலு வருசம் படிக்கோணுமா கண்ணு?”

ஏற்காடு மலையில், எங்கள் நாகலூரில் கடை வைத்திருக்கும் கமால் பாய் என்னிடம் இப்படிக் கேட்டது, நான் உணவுத் தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்த வாரம். சேலத்துக்குப் பஸ் ஏற நின்றிருந்தேன். கையில் பெட்டி, தலையில் அரை லிட்டர் எண்ணெய். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆளும் நான்தான். அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் எனக்கு?

பாயின் கடையில் ஒரு ஃப்ரீசர் உண்டு. அதில் இடது பக்கம் ஐஸ்கிரீம். வலது பக்கம் பாய் வீட்டு மத்தி மீன். நடுவில் ஒரு அட்டை. “இந்த ஃப்ரீசர் வெச்சிருக்கிற ஆளு என்னைக் கேள்வி கேக்குதா!” என்று அன்றைக்கே மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

நாலு வருடம் முடிந்தது. சேலத்தில் ஒரு சின்ன ஐஸ்கிரீம் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு வேலை. நாள் முழுக்க ஐஸ்கிரீம் தின்பதுதான் வேலை என்று எங்கள் எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், எல்லோரும் நம்பினார்கள். நானும் ரொம்ப மறுக்கவில்லை. கிடைத்த மரியாதையைக் கெடுப்பானேன்?

ஆனால் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த மரியாதை நிஜமாகவே கெடப் பார்த்தது. அதைத்தான் இந்த வாரப் பக்கத்தில் சொல்லப்போகிறேன். யாரும் சிரிக்கக் கூடாது… சரி, கொஞ்சம் சிரிக்கலாம்.

ஒவ்வொரு முறை ஐஸ்கிரீம் தயாரிக்கும்போதும் சில கப்புகளை நாங்களே எடுத்து வைத்துக்கொண்டு சோதிப்போம். சோதனை முடிகிறவரை மற்ற கப்புகள் குளிர் அறையை விட்டு நகரக் கூடாது. இது விதி. எழுதியது யார்? நான். லேமினேட் செய்து சுவரில் ஒட்டியது யார்? அதுவும் நான்.

அந்த வாரம் பட்டர்ஸ்காட்ச். முதன்முறையாக முழுப் பொறுப்பும் என்னுடையது. தொட்டி கழுவியது சரி, கலவை சரி, சூடு சரி என்று எல்லாத் தாளிலும் என் கையெழுத்து. சும்மா இருக்க முடியுமா? அம்மாவுக்கு போன் போட்டேன்.

“அம்மா, இந்தத் தடவை ஐஸ்கிரீம் என்னுது. என் கையெழுத்து.”

“பெட்டி மேல உன்ற பேரு இருக்குமா சாமி?”

“பேரு இருக்காதும்மா. ஆனா என்னுதுதான்.”

அவ்வளவுதான். அம்மா லைன் முழுக்கச் சொல்லிவிட்டார். பாயிடம் ஒரு பெட்டிக்குச் சொல்லியும் வைத்துவிட்டார். நானும் என்ன செய்தேன்… முதல் பெட்டி எங்கள் ஊருக்குத்தான் போக வேண்டும் என்று, சோதனை முடிவதற்கு முன்பே, வியாழக்கிழமை வேனில் ஒரு பெட்டியை ஏற்றி அனுப்பிவிட்டேன். இருபத்து நாலு கப். லேமினேட் செய்த விதி சுவரில் இருந்து என்னையே பார்த்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சோதனைக் கப்பைத் திறந்தேன். கரண்டியில் ஏதோ மின்னியது. முந்திரி மின்னுமா? எடுத்துப் பார்த்தால், ஸ்டீல் ஸ்க்ரப்பரின் கம்பி இழை. சுருள் சுருளாக, நகத்தின் நீளத்துக்கு.

எங்கள் தொழிற்சாலைக்குள் ஸ்டீல் ஸ்க்ரப்பர் வரவே கூடாது. நைலான் பிரஷ் மட்டும்தான். விசாரித்தேன். பாத்திரம் கழுவும் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். “அந்தப் பிரஷ்ல தேய்ச்சா மனசுக்கு நெறைவா இல்லீங்க மேடம். உங்க மொதல் ஐஸாச்சே, பளிச்சுனு இருக்கோணும்னு எங்க ஊட்டுல இருந்து புதுசா ஒண்ணு எடுத்தாந்தேன்.”

என் மேல் உள்ள அன்பில் தொட்டியைத் தேய்த்திருக்கிறார்! நான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, “அடேங்கப்பா, கண்ணாடி மாதிரி இருக்குது” என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பட்டர்ஸ்காட்சில் இன்னொரு சிக்கல். அதில் எல்லாமே பல்லில் கடிபடும். கம்பியும் கடிபட்டால், முந்திரி என்று நினைத்து விழுங்கிவிடுவார்கள். தொண்டையில் குத்தினால்? எந்தக் கப்பில் இருக்கிறது என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது.

முதலாளியிடம் ஓடினேன். குளிர் அறையில் இருப்பதை அழித்துவிடலாம், மலைக்குப் போன பெட்டியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “வித்த ஐஸைத் திருப்பி வாங்குறதா? சரி, வேனை எடுத்துக்கிட்டுப் போம்மா. ஆனா காரணத்தை மட்டும் சொல்லாத. பேரு கெட்டுரும்.”

நானும் தலையை ஆட்டினேன். பாயைப் போனில் பிடித்தேன். “பாய், அந்தப் பட்டர்ஸ்காட்ச் பெட்டியை யாருக்கும் குடுத்துறாதீங்க. கம்பெனி திருப்பி எடுத்துக்குது. நான் வந்துக்கிட்டே இருக்கேன்.”

“ஏனுங் கண்ணு?”

“சும்மாதான் பாய்.”

சும்மாதான்! உலகத்தில் இதைவிடச் சந்தேகமான வார்த்தை உண்டா? பாய் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார் என்பதும் எனக்கு மறந்துபோனது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்குக் கம்பளி கொடுத்தார்கள். மறுநாளே எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டார். ஏன்? மேலே உள்ளவர்களுக்கு வந்த கெட்டியான கம்பளியைத் தவறிப்போய் எங்கள் லைனில் கொடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொடுத்தவர்களுக்குச் சல்லடை மாதிரி ஒன்று கிடைத்தது. “காணாமப் போச்சுங்க” என்றவர்கள் ஒவ்வொரு மார்கழிக்கும் சுகமாகத் தூங்கினார்கள். அன்றிலிருந்து எங்கள் லைனுக்கு ஒரு பாடம். திருப்பிக் கேட்கிறார்கள் என்றால், நல்லதைத் தவறிக் கொடுத்துவிட்டார்கள்!

நான் கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி, நாகலூர் போய்ச் சேர்ந்தபோது, ஃப்ரீசரில் மத்தி மட்டும் இருந்தது.

“ஞாயித்துக்கிழமை கறிச்சோத்துக்கு அப்பறம் திங்கறதுக்குன்னு மூடியில பேரெழுதி இங்கதான் வெச்சிருந்தாங்க கண்ணு,” என்றார் பாய். “நீங்க போன வெச்சதும் வந்து ஆளாளுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. பெரிய ஓட்டலுக்குப் போக வேண்டிய ஐஸாமே? முந்திரி மூணு மடங்காமே?”

“யாரு பாய் சொன்னது?”

“உங்கம்மாதான்.”

லைனுக்கு ஓடினேன். முதல் வீடு செல்வி அக்கா வீடு. வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றார்.

“ஐஸா? என்ன ஐஸு? இந்தக் குளிர்ல யாருங் கண்ணு ஐஸு திம்பாங்க?”

உள்ளே கட்டிலில் ஒரு கம்பளி மூட்டை. மூட்டைக்கு அடியில் இருந்து பட்டர்ஸ்காட்ச் நிறத்தில் ஒரு ஈரம் மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது.

“அது என்னங்க்கா?”

“அதுவா… பூனை.”

அடுத்த வீட்டிலும் கம்பளி மூட்டை. அதற்கடுத்த வீட்டிலும். வெளிச் சூடு உள்ளே போகாமல் இருக்கக் கம்பளி போர்த்த வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? நான் இரண்டாம் வருடத்தில் ஒரு பாடம் முழுக்கப் படித்த விஷயம் இது! அத்தனையும் அந்தப் பழைய கெட்டிக் கம்பளி. காணாமல் போனவை எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்துவிட்டன.

வரிசையின் கடைசி வீட்டு முருகேசன் மாமா மட்டும் மறைக்கவில்லை. மறைக்க எதுவும் இல்லை. “ரெண்டு வாங்குனேன், ரெண்டையும் தின்னுட்டேன். நொம்ப நல்லா இருந்துச்சு சாமி,” என்றார்.

முதலாளி சொன்னதாவது, பேராவது. குழாயடியில் நின்று கத்தினேன்.

“எல்லாரும் கேளுங்க! அது நல்ல ஐஸு இல்லீங்க. அதுல இரும்புக் கம்பி கெடக்குது. தொண்டையில குத்திரும். யாரும் தின்னாதீங்க!”

கதவுகள் திறந்தன. சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

“நல்லாச் சொல்றா பாரு! மோசமானதா இருந்தா நம்மகிட்ட எதுக்குத் திருப்பிக் கேக்கறாங்க? மோசமானதை நமக்குத்தானே குடுப்பாங்க!” என்றார் செல்வி அக்கா.

நாலு வருடப் பாடத்தில் இது இல்லை.

கமால் பாய்தான் துணைக்கு வந்தார். அவருக்கென்று வாங்கிய ஒரு கப்பையும் டீ வடிகட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தார். “இருங்க, வடிச்சுப் பாத்துரலாம்.” உருகியதை ஊற்றினார். எல்லோரும் குனிந்தார்கள். வடிகட்டியில் என்ன இருந்தது?

முந்திரி. அழகான, வறுத்த, சர்க்கரை பூசிய முந்திரி.

“பாத்தீங்களா!” என்று லைனே கூவியது. பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஒரு முந்திரியை வாயருகில் கொண்டுபோனார். தட்டிவிட்டேன்.

அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையில் கிடைத்த கம்பியை ஒரு கவரில் போட்டு எடுத்து வந்திருந்தேன். அதை நீட்டினேன். “இது நான் செஞ்ச தப்புங்க. தொட்டியைச் சரியாப் பாக்காம நான்தான் கையெழுத்துப் போட்டேன். சோதனை முடியறதுக்கு முன்னாடியே, பெருமைக்காக, நான்தான் பெட்டியை அனுப்பிச்சேன். வேற யாரும் இல்லீங்க. நான்தான்.”

செல்வி அக்கா கவரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“கையெழுத்துப் போட்ட ஆளே ‘என்ற தப்பு’ன்னு சொல்லி இந்த லைன்ல நான் கேட்டதில்ல. அப்படின்னா நெசமாத்தான் இருக்கோணும்,” என்றவர், உள்ளே போய்ப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஒவ்வொரு கம்பளியாக அவிழ்ந்தது. இருபது கப் வந்தது. மாமா தின்றது இரண்டு, பாய் வடித்தது ஒன்று. ஒன்று குறைகிறதே?

அம்மா எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். கையில் கப். மூடியைத் திறந்துவிட்டார். கரண்டியும் தயார்.

“அம்மா, குடுத்துரு.”

“குடுக்க மாட்டேன். கம்பி இருந்தாத் துப்பிக்கிறேன். குழாயடியில நின்னு தப்பு தப்புன்னு நீயே கத்தறயே… நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறனே சாமி. இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் வேலைக்குப் போவேன்?”

பின்னாலேயே வந்த பாய்தான் பேசினார். “ஐஸு செய்யறதுக்கு நாலு வருசம் வேண்டாம்னுதான் நானும் சொன்னேனுங்க. ஆனா இந்த லைன்ல ஒளிச்சு வெச்ச பொருளைத் திருப்பி வாங்கிட்டுப் போன மொதல் ஆளு உங்க பொண்ணுதான். ரைட்டராலயே முடியல. அதுக்கு நாலு வருசம் பத்தாதுங்க.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரு நொடியில் கப்பைப் பிடுங்கிக்கொண்டேன்.

மாமாவை அன்றைக்கே ஏற்காட்டில் டாக்டரிடம் காட்டினோம். ஒன்றும் இல்லை, சில நாள் கவனிக்கச் சொன்னார். மாமா அதை ரொம்ப மும்முரமாக எடுத்துக்கொண்டார். தினமும் காலை ஏழு மணிக்கு, நான் டிபனில் கை வைக்கும் நேரம் பார்த்து, போன் வரும். “இன்னைக்கும் கம்பி ஒண்ணும் வரலீங் கண்ணு!” டாக்டர் போதும் என்ற பிறகும் நிறுத்தவில்லை. நல்ல செய்திதானே, யாரிடம் சொல்வது என்கிறார்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு பெட்டிக்கு இரண்டு பெட்டியாக, சோதனை முடித்து, மலைக்கு அனுப்பச் சம்மதித்தார். கழுவும் அக்காவின் ஸ்க்ரப்பர் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. என் விதி அதே சுவரில்தான் இருக்கிறது. இப்போது நான் அதைப் பார்க்கிறேன்.

ஒன்று பாக்கி. திரும்பி வந்த இருபத்தோரு கப்பையும் மறுநாள் உருக்கி வடிகட்டினேன். இருபதில் ஒன்றும் இல்லை. ஒன்றில் மட்டும் சுருளாக ஒரு கம்பி இருந்தது. அந்த மூடியில் அம்மாவின் பெயர்.

இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாரா வாரம் இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுவது கமால் பாய்தான். பாய், மேலே உள்ள அந்த நாலு வரியை மட்டும் விட்டுவிட்டுப் படிங்க. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குத்தான் அந்த மூடி கண்ணிலேயே நிற்கிறது. ஒரு பெட்டிக்கு நான் ஓடினேன். மற்ற கம்பெனிகள் அனுப்பும் பெட்டிகளுக்கு யார் ஓடுவார்கள்? அதனால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வுக்குப் போன செவ்வாய்க்கிழமை விண்ணப்பம் போட்டுவிட்டேன். தேர்வானால் கடை கடையாகப் போய்ச் சோதிக்கிற வேலை. ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பதும் அதில் உண்டு.

விஷயத்தைப் பாயிடம் போனில் சொன்னேன். அதற்கு எத்தனை வருசம் படிக்க வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. அன்று மாலையே மத்தி மீன் வீட்டுக்குப் போய்விட்டதாம்.