தலைவனின் கலர்

ஆவடி ஸ்டேஷன் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடையில் எனக்கு டிசைனர் வேலை. பெயர்தான் டிசைனர், பாதி நாள் முகங்களை வெளுப்பாக்குவதுதான் பிழைப்பு. காதுகுத்துக் குழந்தை, கல்யாணப் பெண், வட்டச் செயலாளர், யாராக இருந்தாலும் "கொஞ்சம் பிரைட் பண்ணுங்க" என்பார்கள். கண்ணீர் அஞ்சலிக்குக்கூட. செத்த பிறகும் சிவப்பாக இருக்க வேண்டுமாம். நான் நல்ல கறுப்பு. ஒவ்வொரு முறை மவுஸைப் பிடிக்கும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் பட்டாபிராமிலிருந்து ஒருவர் வந்தார். ஐ.டி. கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து. மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் ஆடும் ஒரு வீரருக்குப் பிறந்தநாள் பேனர் கேட்டார். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அந்த வீரர்தான் தலைவன். ஆட்டோவின் முதுகில் அவர் படம், சலூனுக்குப் போனால் அவர் முடிவெட்டு. பழக்க தோஷத்தில் நான் அந்த முகத்தையும் வெளுப்பாக்கப் போனேன்.

"ஐயோ, கலர்ல கை வெக்காதீங்க. அந்தக் கலர்தாங்க மாஸே."

அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஆறு வருஷத்தில் அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. சாப்பாட்டை மறந்து, நெற்றி வியர்வை மினுமினுப்பது வரை பார்த்துப் பார்த்துச் செய்தேன். பேனருக்கு மாலை போட்டு, பாக்கெட் பாலை ஊற்றி, பட்டாசு வெடித்தார்கள். அவர் எனக்கு வீடியோ அனுப்பினார். பிறகு காரணமே இல்லாமலும் மெசேஜ் வந்தது. கடைப்பக்கம் வந்தால் டீ வாங்கித் தருவார். ஆஃப்சைட் என்றால் என்ன என்று நானும் கற்றுக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசைப்பட்டேன்.

அவரே வீட்டில் பேசி, திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க அழைத்து வந்தார். அவருடைய அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த தன் தங்கையிடம், "இன்னாடி, பொண்ணு இவ்ளோ கறுப்பா கீது" என்றார். ரகசியமாகச் சொன்னதாக நினைப்பு. எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது. அவர் கேசரித் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது. நாங்கள் ஜாதகத்தைக் கொடுக்கவே இல்லை. மெசேஜும் அன்றோடு நின்றது.

ஒரு மாதம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் கடைக்கு வந்து நின்றார். தலைவன் டீம் கப் ஜெயித்துவிட்டதாம், பெரிய பேனர் வேண்டுமாம். எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"உங்க தலைவனுக்கு ஒரு தங்கச்சி இருந்து, அவளைக் கட்டிக்கிறேன்னு நீங்க சொன்னா உங்கம்மா ஒத்துக்குவாங்களா?"

அவர் சிரித்தார்.

"இன்னாக்கா, காமெடி பண்ணிக்கினு கீறீங்க."

என்னைவிட மூன்று வயது மூத்தவர் அவர். அன்றுவரை ஒரு தடவைகூட என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை.