தாழ்வு மண்டலத்துக்குக் காத்திருந்த வீடு

பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மழை எங்களை வருஷக்கணக்கில் ஏமாற்றியது. கிணற்றில் பாறை தெரிந்தது. போர் போட்டால் மண்தூள்தான் கிளம்பியது. அப்பாவுக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, ரேடியோவில் மாலைச் செய்தியின் கடைசியில் வரும் வானிலை. அதுவரை நாட்டில் யார் ஆண்டாலும் யார் கவிழ்ந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. "வானிலை" என்றதும் ரேடியோவைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். நாங்கள் மூச்சுவிடக் கூடாது.

அந்தக் குரலுக்கு எங்கள் மேல் என்ன கோபமோ. "உள் மாவட்டங்களில் வறண்ட வானிலை நிலவும்" என்று தினமும் சொல்லிவிட்டுப் போய்விடும். கடலோர மாவட்டங்களுக்கு மட்டும் வாரி வழங்கும். "அவிங்களுக்கே பேயட்டும், நாமெல்லாம் மனுசங்களே இல்லீங்க பாருங்க" என்று அம்மா நொடிப்பாள். ஆனால் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் நோம்பிக் கொண்டாட்டம்தான். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் நல்ல மழை வருவதென்றால், அப்படி ஏதாவது ஒன்று கடலிலிருந்து கிளம்பி மேற்கே வர வேண்டும். அது ஆந்திராப் பக்கம் திரும்பிவிடக் கூடாதென்று அம்மா பிள்ளையாருக்கு விளக்குப் போடுவாள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்களே, அதன் எண் ஏற ஏற அப்பாவின் முகம் மலரும். அதை எதற்காக ஏற்றுகிறார்கள் என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை. எண் பெரிதானால் மழை பெரிது. எங்களுக்குத் தெரிந்த வானிலை அவ்வளவுதான்.

மழையை யாரும் வாய்விட்டுக் குறை சொல்லக் கூடாது என்பது வீட்டில் சட்டம். காயப்போட்ட துணி நனைந்ததென்று சலித்துக்கொண்டால் அப்பாவுக்குப் பொல்லாத கோபம் வரும்.

என் அக்காவின் வீட்டுக்காரர் பேங்கில் வேலை பார்த்தார். அந்த வருஷம் அவருக்குக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றல். அக்காவும் கைக்குழந்தை வயதைத் தாண்டிய பாப்பாவும் கூடப் போனார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு. "வாசல்லயே தண்ணி போகுதுங்கப்பா" என்று அக்கா சொன்னபோது அப்பா அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஐப்பசியில் தாழ்வு மண்டலம் வந்தது, புயலானது. எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கோழிப்பண்ணையில்தான் போன் இருந்தது; அக்கா அங்கே கூப்பிட்டாள். அப்பாவுடன் நானும் ஓடினேன். அவள் பேசியது எனக்கும் கேட்டது.

"அப்பா, மழை விடவே மாட்டேங்குதுங்க. கூண்டு வேற ஏத்தியிருக்காங்களாம். நானும் பாப்பாவும் நாலு நாளைக்கு அங்க வந்துரட்டுங்களா?"

அப்பா சிரித்தார். கேலி இல்லை, அத்தனை சந்தோஷம் அவருக்கு. "மழைக்குப் பயந்துட்டா ஊட்டுக்கு வாரேங்கற? நாங்க இங்க ஒரு சொட்டுக்குத் தவங்கெடக்கறோம் கண்ணு. நீ குடுத்து வெச்சவ. பாப்பாவுக்கு நல்லாக் காட்டு."

அக்காவும் சிரித்துவிட்டாள். அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. "அதுஞ் சரிதானுங்க. இப்பிடி எங்க பாக்கறது" என்றாள்.

புயல் கரையைக் கடந்த மறுநாள் மழை எங்களுக்கு வந்தது. எப்பேர்ப்பட்ட மழை! அம்மா அண்டா குண்டானெல்லாம் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். அப்பா தலைத்துண்டை எடுத்துப்போட்டுவிட்டு நடுவாசலில் நின்றார். கோழிப்பண்ணைக்காரர் தொப்பலாக நனைந்துகொண்டு எங்கள் தோட்டத்து இட்டேரிப் பாதையில் வந்தார். "ஏனுங்க, பாத்தீங்களா மழைய!" என்று அப்பா கையை விரித்துக்கொண்டு எதிரே ஓடினார். அவரைக் கட்டிப்பிடித்தே விட்டார். அந்த மனிதர் அப்பாவின் கைகளைப் பிரித்து எடுத்தார். பேங்கிலிருந்து போன் வந்திருந்தது.

பேங்க் மாடியில் இருந்ததால் மாமா பிழைத்துக்கொண்டார். மற்றதை, அங்கே போன அப்பாவிடம் எதிர்வீட்டு அம்மாள் சொல்லியிருக்கிறாள். கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாகத் திரும்பித் தெருவுக்குள் வந்ததாம். அக்கா பாப்பாவைப் பீரோ மேல் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, எதிர்வீட்டு ஏணியை வாங்கிவர இறங்கியிருக்கிறாள். வேண்டாம் வேண்டாமென்று அவர்கள் மாடியிலிருந்து கத்தினார்களாம். "எனக்கு நீச்சல் தெரியுங்கக்கா" என்றாளாம்.

தெரியும்தான். எங்கள் கிணற்றில் தண்ணீர் இருந்த காலத்தில் மோட்டார் ரூம் மேலிருந்து குதித்து நீந்துவாள். ஆனால் கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். ஓடுகிற தண்ணீர் ஆளை இழுக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாததைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்று மட்டும் தெரியவில்லை.

அப்பா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்த வருஷம் மக்காச்சோளம் அமோகமாக விளைந்தது. அவர் சோளக்காட்டுப் பக்கமே போகவில்லை. ரேடியோவை மட்டும் விடவில்லை. இப்போது கடலோர மாவட்டங்களைச் சொல்லும்போதுதான் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மாமாவும் மாற்றல் வாங்கிப் போய்விட்டார்; அங்கே எங்களுக்கு யாரும் இல்லை.

அடுத்த சித்திரையில் ஒரு மத்தியானம் கோடை மழை சடசடவென்று இறங்கியது. அம்மாவும் நானும் எங்களை அறியாமல் வாசலுக்கு ஓடினோம். நல்ல மண்வாசம். திரும்பிப் பார்த்தால் பாப்பாவைக் காணோம். உள்ளே, நெல் கொட்டிவைக்கும் மரப்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கீழே நின்ற அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்புச்சி, நீங்க கீழ நிக்காதீங்க. மேல வாங்க."

முட்டிவலிக்காரர் என் அப்பா. தம் கட்டி அந்தப் பெட்டி மேல் ஏறி, அவளை மடியில் வைத்துக்கொண்டார். வெளியே மழை பெய்து முடியும்வரை அவர் இறங்கவே இல்லை.