அளவு ஜாக்கெட்

எங்கள் பள்ளியில் ஆண்டு விழா அன்று பெண் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே நிறம், ஒரே கரை வைத்த சேலை கட்டுவது வழக்கம். சேலையைத் தேர்ந்தெடுப்பது நான். நாமக்கல்லில் எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மலையேறி வருவதும் நான். விழா அன்று காலையில் மற்றவர்களுக்கு மடிப்பு எடுத்துவிட்டு, சந்தனமும் கற்கண்டும் வைத்த தட்டோடு வாசலில் முன்னால் நின்று விருந்தினரை வரவேற்பதும் நான்தான். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. கொல்லிமலையில் இந்த வளப்பூர் நாட்டுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து அப்படித்தான் நடந்து வந்தது.

சென்ற ஜூனில் சேலத்திலிருந்து கணக்கு ஆசிரியை ஒருவர் வந்து சேர்ந்தார். நல்ல கறுப்பு, நல்ல பருமன். முதல் நாளே என்னைப் பார்த்து, "வணக்கம்க்கா" என்றார்.

ஆகஸ்டில் அவருக்குப் பிறந்தநாள். ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்து, "அம்பது முடிஞ்சுதுங்க. இனி பல்லு ஒண்ணுதான் போகோணும்" என்று சிரித்தார். எனக்கு ஐம்பது நவம்பரில்தான். என்னைவிட மூத்தவர் என்னை அக்கா என்கிறார். சாக்லேட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன், தின்னவில்லை.

நான் நாள்குறிப்பு எழுதுகிறவள். அன்றன்று என்ன கட்டினேன் என்பதையும் அதில் குறித்துவிடுவேன், ஒரு சேலை ஒரே வாரத்தில் இரண்டு முறை வந்துவிடக் கூடாது என்பதற்காக. என் தலைப்பு காற்றில் பறந்து யாரும் பார்த்ததில்லை. மதியம் ஒரு கரண்டி சோற்றுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. இவரோ சுடிதாரில் வருவார். துப்பட்டா ஒரு தோளில் மட்டும் தொங்கும். பிள்ளைகள் பலாச்சுளை கொண்டுவந்தால் சாப்பாட்டுக்கு முன்னும் தின்பார், பின்னும் தின்பார். அவரைச் சுற்றி எப்போதும் நாலைந்து பெண்பிள்ளைகள் நிற்பார்கள். அவர் ஒல்லியாக, சிவப்பாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது. அது உலக வழக்கம் என்று விட்டிருப்பேன். நான் இத்தனை வருடம் காபந்து பண்ணிய எதையும் காபந்து பண்ணாமலே ஒருத்தி அழகாக இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சேலைதான் நம்முடைய உடை, மற்றதெல்லாம் வந்தேறியது என்று ஒருநாள் சொன்னேன். அவர் கண்ணில் குறும்பு வந்தது. "சேலை நம்முளுதுதான்க்கா. அதுக்குள்ள போடற ஜாக்கெட்டு யாருளுது?"

சந்தைக்கு வரும் வயதான மலைப் பெண்கள் சிலர் தோளில் முடிச்சிட்ட சேலையோடு, ஜாக்கெட் இல்லாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கட்டுரை நோட்டுகளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வாசலூர்பட்டி படகு இல்லத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். சுற்றுலா வந்த பெண்களின் முகப்பூச்சைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடையே பேச்சு ஆரம்பித்தது.

"டீச்சர், கொரியாவுல அரிசி கழுவுன தண்ணிலதான் மூஞ்சி கழுவறாங்ளாமா. கண்ணாடியாட்ட மினுங்குதுங்."

"அந்தத் தண்ணிய எங்கூட்டுல எருமைக்குத்தான்டி ஊத்தறோம்" என்றாள் இன்னொருத்தி.

"அப்ப உங்கூட்டு எருமைதான் இந்த மலைக்கே அழகி" என்றார் கணக்கு ஆசிரியை. "ஆனா பாரு கண்ணு, எத்தன குடிச்சும் அது கலர் மாறுலியே. கவலப்பட்டுதா?"

பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். நான் சொல்ல நினைத்தது வேறு. கொரியாவிலிருந்து கொல்லிமலைவரை நம் கண்டத்துப் பெண்களில் ஒருத்திக்கும் தன் தோல் நிறம் போதவில்லை, வெயிலில் உழைத்த நிறத்தை எல்லோரும் கழுவப் பார்க்கிறோம் என்று நல்ல வாக்கியங்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு எருமையை வைத்து அவர் அதை முடித்துவிட்டார். திரும்பும் பஸ்ஸில் பிள்ளைகள் அவர் பக்கத்து இருக்கைக்குச் சண்டை போட்டார்கள்.

அதனால் ஆண்டு விழாவை எதிர்பார்த்திருந்தேன். அன்று அவரும் சேலைதான் கட்ட வேண்டும். ஒரே சேலையில் பக்கத்தில் நிற்கும்போது யாருக்குப் பொருந்துகிறது என்பது தெரிந்துவிடும். விழாவுக்குச் சில வாரம் முன்பு தலைமையாசிரியை, "இந்த வருசம் கணக்கு டீச்சரும் தட்டு பிடிக்கட்டுமே, களையா இருக்காங்க" என்றார். ஊதா நிறத்தில், விறைப்பாக நிற்கும் பட்டுப் பருத்தி எடுத்தேன். ஒல்லியான உடம்புக்குத்தான் அது படியும்.

என் ஜாக்கெட்டைச் செம்மேட்டில் ஒரு அம்மா தைப்பார். அளவுக்கு எப்போதும் ஒரே பழைய ஜாக்கெட்டைத்தான் கொடுப்பேன்.

"ஏனுங் டீச்சர், ஒருக்கா டேப்பு வெச்சுப் பாத்துக்கலாமுங்களா?"

"வேண்டாம். இதே அளவுதான்."

தைத்து வந்ததும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உள்தையலைப் பிரித்துவிடுவேன். ஒவ்வொரு வருடமும் ஒரு தையல் கூடுதலாகப் பிரிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் அளவு ஜாக்கெட் மாறவில்லை. எனக்கு அது போதும்.

இந்த முறை மழையில் மின்சாரம் போய், ஜாக்கெட் விழா அன்று காலையில்தான் கைக்கு வந்தது. அறிவியல் கூடத்தில் போட்டுப் பார்த்தேன். கொக்கிகள் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே மேளம் கேட்டது. கதவு திறந்தது. கணக்கு ஆசிரியை.

ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். கதவைத் தாழிட்டார்.

"கழட்டிக் குடுங்கக்கா. பிளேடு இருக்குதா?"

துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து, நான் வருடாவருடம் தனியாகச் செய்த வேலையை எனக்கு முன்னால் செய்தார். பிரித்த நூலை வாயால் ஊதினார். முதல் தையல், இரண்டாம் தையல். போட்டுப் பார்த்தேன், போதவில்லை. கடைசித் தையலையும் பிரித்தார். அக்குளுக்குக் கீழே ஜாக்கெட் அழுத்தி அழுத்திக் கறுத்துப்போன தடத்தை அவர் பார்த்துவிட்டார்.

"மூச்சு வுட்டு எத்தன வருசமாச்சுங்க்கா?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தத் தடத்தின் மேல் விரலை வைத்து ஒரு கணம் எடுக்காமல் இருந்தார். எனக்குக் கோபம் வந்தது. பிளேடை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போயிருந்தால் தேவலை என்றிருந்தது.

வாசலில் இருவரும் நின்றோம். சந்தனத் தட்டு என் கையில், பூத்தட்டு அவர் கையில். என் மடிப்புகள் கோடு போட்டது போல நின்றன. அவருடைய மடிப்பு ஒரு பக்கம் இறங்கியிருந்தது. நான் எடுத்துவிடுகிறேன் என்றதற்கு, "கெடக்குதுக்கா" என்று சொல்லிவிட்டார். விருந்தினர் என் தட்டில் சந்தனம் தொட்டுக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார். ஒல்லிக்கென்று நான் எடுத்த ஊதா, அந்தக் கறுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

விருந்தினர் உள்ளே போனதும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "டீச்சர், ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியாட்டவே இருக்கறீங்."

"யாரு அக்கா?"

கேட்டது நான்தான். வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு ரிப்பன் நுனியைத் திருக ஆரம்பித்தாள்.

"நாந்தான் கண்ணு" என்றார் கணக்கு ஆசிரியை. "இவிங்களுக்கு மூணு மாசம் மூத்தவ."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்துதான் அக்கா என்று அழைத்திருக்கிறார். அந்த அக்கா பட்டத்தை என்னிடமிருந்து இவ்வளவு சுலபமாக வாங்கிக்கொண்டு, அடுத்த நொடியே திருப்பியும் கொடுத்தார். "வாங்கக்கா, வடை ஆறிப்போயிரும்."

தட்டை மேசையில் வைத்துவிட்டு அவர் பின்னால் போனேன். அன்று இரண்டு வடை தின்றேன். ஜாக்கெட் எங்கேயும் பிடிக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு விழாச் சேலையில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். அதற்கும் அவரே காரணம் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.