கம்பத்தில் வாங்கிய காலிப் பெட்டி

ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் பிடித்துக்கொண்ட பழக்கம், தற்கால ஓவியர்களின் சில்க் ஸ்கிரீன் அச்சுப் படங்களைச் சேர்ப்பது. இத்தனை பிரதிதான் என்று முடிவு செய்து அச்சடித்து, எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். மதுரை ஓவியர் பூங்கொடியின் முதல் மூன்று படங்களும் என் கூடத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. நான்காவதற்காகத்தான் இந்தத் தை மாதம் கம்பம் போனேன்.

படம் இதுதான்: விரித்துப் போட்ட திராட்சைப் பெட்டி. பழம் இல்லை, எழுத்து இல்லை. மொத்தம் பதினைந்து. பதினான்கைப் பூங்கொடி எடுத்துப் போய்விட்டாள். ஈரம் காயாத கடைசிப் பிரதி என்னுடையது. அச்சாகும் இடத்தையும் பார்க்கலாமே என்று நானே கிளம்பினேன்.

மதுரையிலிருந்து ஆண்டிபட்டி, தேனி வழியாகப் பேருந்தில் மூன்றரை மணி நேரம். சின்னமனூர் தாண்டியதும் இடப்பக்க இருக்கை கிடைத்தால் மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். கம்பம் நிலையத்திலிருந்து அச்சுப் பட்டறைக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய்.

திராட்சைப் பெட்டிகளுக்குப் பெயர் அச்சடிக்கும் காசிம் பாய், படத்தைப் பெருமையோடு விரித்தார். பெட்டியின் நடுவில் கருநீலக் கொத்து ஒன்று பளபளத்தது.

"அந்தப் பிள்ளை பழத்த மறந்துட்டுப் போயிருச்சு சார். ஒங்களுதுலயாச்சும் இருக்கட்டும்னு நாந்தேன் போட்டேன். தனிக் காசெல்லாம் வேணாம்."

மாணவர்களிடம் வெற்று வரைபடத் தாளைக் கொடுத்துப் பாருங்கள். யாராவது ஒருவன் ஆறுகளை வரைந்தே தீருவான். அப்படித்தான் இதுவும். கோபப்படவும் முடியவில்லை.

பூங்கொடியைத் தொலைபேசியில் அழைத்து, பாயிடம் கொடுத்தேன்.

"பழமில்லாத பெட்டிய எவன்மா வாங்குவான்?"

அவள் குரல் எனக்கும் கேட்டது. "வாங்கிட்டாகளே பாய், பதினாலு பேரு!"

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாரும் வெறும் பெட்டிக்குத்தேன் வந்தாகளா?"

இன்னொன்று அடிக்கவும் வழியில்லை. பதினைந்து முடிந்ததும் ஸ்கிரீனைக் கழுவி அதிலுள்ள உருவத்தை அழித்துவிட வேண்டும் என்பது பூங்கொடியின் நிபந்தனை. அதை மட்டும் பாய் சொன்னபடி செய்திருந்தார்.

"பணத்தத் திருப்பித் தர்றேன் சார். இல்ல, இதையே எடுத்துக்கங்க. ஆனா நம்பர் போட மாட்டேன். இது என் படமில்லையே" என்றாள் பூங்கொடி.

வரிசை அறுந்துவிடும் என்று வாங்கி வந்தேன். இப்போது வரிசையில் இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

நீங்கள் போவதானால் அச்சாகும் அன்றே போய்விடுங்கள். படத்தைச் சுருட்டிவர அட்டைக்குழாய் கொண்டுபோங்கள், அங்கே கிடைக்காது.

நேற்று கொத்தின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டு, எட்ட நின்று பார்த்தேன். பூங்கொடி நினைத்த காலிப் பெட்டி அப்படியே தெரிந்தது. உள்ளே பழம் இருப்பது எனக்குத்தான் தெரியும்.