ஓடை வரை நடந்தவர்கள்

போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு, குரங்கணியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் பாதையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கத் தொடங்கினேன். அடிவாரத்தில் சிலமலையில் விவசாயம் பார்க்கும் சொந்தக்காரர்களையும் கூப்பிட்டேன். நடப்பதுதான் கலை, வழியில் கிடைக்கிற மண்ணையும் இலைச்சாற்றையும் துணியில் தேய்த்து வரைவதெல்லாம் அதற்கு அடுத்ததுதான் என்று நான் விளக்கியபோது பெரியப்பா சிரித்தார்.

"சோலி இல்லாதவ நடக்குறா. சரி, மலையப் பாத்தும் நாளாச்சு. வர்றேன்."

மேலே ஏலக்காய் பறிக்கும் பெண்கள் பாதி வழி இறங்கி வந்து எங்களோடு சேர்ந்துகொள்வார்கள். அவர்களைத் திரட்டி வருவது ஒரு அக்கா. அங்கே ஓடும் ஓடைதான் கீழே வந்து எங்கள் கிணறுகளில் ஊறுகிறது. ஆனாலும் வயல்காரர்களும் தோட்டத்துப் பெண்களும் அதுவரை முகம் பார்த்துப் பேசியதில்லை. புளிச்சோற்றைப் பகிர்ந்து தின்றபடி அவர்கள் கதை பேசியதைப் பார்த்து, ஏதோ சாதித்துவிட்டதாக நான் பூரித்துப்போனேன்.

ஒருநாள் ஓடையில் பெரியப்பா தண்ணீர் அள்ளிக் குடிக்கப் போனார். அக்கா பதறித் தடுத்தாள்.

"குடிக்காதீங்கய்யா. நேத்துதான் பூச்சிமருந்தடிச்ச டிரம்ம இங்கன கழுவுனோம்."

"யாரு கழுவுனது?"

"நாங்கதான். சூப்பர்வைசர் சொல்றாரு, செய்றோம். எங்களுக்கே வயித்துவலி வந்து, இதக் குடிக்கிறத விட்டுட்டோம்."

"அப்ப எங்க கெணத்துல வெசத்தக் கலக்குறது நீங்கதானா? ஒங்களுக்கெல்லாம் புள்ளகுட்டி இல்ல?"

பெண்கள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"மொதலாளியப் போய்க் கேளுங்க பெரியப்பா" என்றேன்.

கேட்கத்தான் போனார். முதலாளியின் வீடு போடியில். பேச்சுவாக்கில் தூரத்து உறவு என்று தெரியவர, காபி வந்திருக்கிறது. திரும்பியவர் முகத்தில் கோபமே இல்லை.

"நம்ம ஆளுகதான். இனிமே கழுவ மாட்டாங்கன்னுட்டாரு."

"ஒங்களுக்கு யாரு சொன்னதுன்னு கேட்டாரா?"

"கேட்டாரு, சொன்னேன். அதுல என்ன?"

அடுத்த ஞாயிறு பெண்கள் ஒருவரும் இறங்கி வரவில்லை. அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி, குடியிருந்த தோட்டத்து லயன் வீட்டையும் காலி செய்ய வைத்துவிட்டார்கள். பாதையின் குறுக்கே கம்பிக் கதவு போட்டார்கள்.

நாங்கள் வரைந்த துணியை மதுரையில் ஒரு அரங்கில் மாட்டினார்கள். மலையும் சமவெளியும் கைகோத்துவிட்டதாக ஒருவர் மைக்கில் உருகினார். முன்வரிசையில் பெரியப்பா கைதட்டினார். துணியை இழுத்துக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. சால்வை போர்த்தினார்கள், வாங்கிக்கொண்டேன்.

பிறகு போடியில், ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகை ஒன்றில் அக்காவைக் கண்டுபிடித்தேன். "நல்லாருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன் டீச்சர்." காய்களிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "டிரம்ம இன்னமும் அங்கதான் கழுவுறாங்களாம்."

"மறுபடியும் எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போய்க் கேட்டா என்ன?"

"ஒங்க ஆளுகளையா?" என்றாள். "நீங்க நடந்தா கலைங்கறாங்க. நாங்க நடந்தா எங்கிட்டுப் போறேன்னு கேக்குறாங்க. வெரசா கெளம்புங்க டீச்சர், மேஸ்திரி பாக்குறாரு."

கிளம்பிவிட்டேன். பெரியப்பா வீட்டில் இப்போது குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறார்களாம். நான் அந்தப் பக்கம் போவதில்லை.