கண் திறந்த கடற்கரை

கடலையே பார்க்காத நான் கடலை வரைந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த சமயம். சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாசலில் நின்றால் கல்வராயன் மலைதான் தெரியும். செல்போனில் பார்த்த ஒரு இம்ப்ரஷனிஸ்ட் ஓவியம் என்னைப் பிடித்து ஆட்டியது. சாம்பல் வானம், கடலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்த வெள்ளைக்காரிகள், காற்றில் உப்பிய கவுன்கள், குடைகள், பக்கத்தில் தொப்பி போட்ட ஆண்கள் சிலர். முகத்துக்கு ஒரே ஒரு தீற்று. கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. மாதக்கணக்கில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் அதைப் பார்த்து வரைந்தேன். ஓவியக் கல்லூரி நேர்காணலுக்கு அதைத்தான் கொண்டுபோக வேண்டும். இடம் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அப்பா முன்பே சொல்லிவிட்டார்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

“இன்னாடி இது, ஒருத்திக்காவது கண்ணு கீதா?”

“தூரத்துல இருக்கிறவங்க அத்த, அப்படித்தான் தெரியும்.”

“கண்ணு தொறக்காத உருவத்த வூட்ல வெச்சிக்கினு இருந்தா வெளங்கிடும் போ!”

எங்கள் பக்கம் ஐயனார் சிலைக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். அதுவரை அது வெறும் மண். பாதியில் விட்டால் வேறு எதுவோ வந்து குடியேறிவிடும் என்று பயம். எனக்கும் தெரிந்த சங்கதிதான். அதை என் வெள்ளைக்காரிகளிடம் கொண்டுவருவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

நேர்காணலுக்கு முதல் நாள் சங்கராபுரம் போய்ச் சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பினேன். வீடெல்லாம் கற்பூர வாசனை. ஐயனாருக்கு வண்ணம் அடிக்க வந்தவரை அத்தை கூட்டிவந்திருக்கிறாள். அவர் கை சும்மா இருக்குமா? குடை பிடித்த ஒவ்வொருத்திக்கும் முட்டைக் கண், அதில் சிவப்பு ரேகை. ஆண்களுக்கு முறுக்கு மீசை. படத்துக்கு மாலை வேறு.

“இப்பத்தான்டி உசுரு வந்துச்சி,” என்றாள் அத்தை. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

பஞ்சில் பெயின்ட் கரைக்கும் தின்னரைத் தொட்டு ஒரு கண்ணைத் துடைத்தேன். கண்ணோடு முகமும் வந்தது, முகத்தோடு கடலும் வந்தது. துடைக்கத் துடைக்க வெறும் சேறு. திறந்த கண்ணை அவித்துவிட்டாளே பாவி என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டாள்.

“இனிமே இன்னாத்த எடுத்துக்கினு போவ?” என்றார் அப்பா. நிம்மதியாகத்தான் கேட்டார். ஆவணியில் கல்யாணம் முடிந்தது.

புதிதில் ஒருநாள் அத்தையையும் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிப் பக்கம் கடற்கரைக்குப் போனோம். வீட்டுக்காரர் சுண்டல் வாங்கப் போனார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அவளுக்கும் அதுதான் முதல் கடல். நான் கையை உதறிக்கொண்டு கரையேறி நடந்தேன். போகப் போக அவள் கண் மறைந்தது, மூக்கு மறைந்தது. நான் வரைந்தது சரிதானடி சண்டாளி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அப்போது ஒரு அலை அவள் காலடி மணலை உருவியது. குப்புற விழுந்தாள்.

“அய்யோ, வந்து புடிடி!” என்று அலறினாள். எழுந்தாள், அடுத்த அலை மறுபடி தள்ளியது. யாரோ ஒரு மீனவர் ஓடிவந்து தூக்கும்வரை நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அந்தத் தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது.